தேடும் சொல்லும் தேடி வரும் காசும்

தடித்த பாடநூல் ஒன்றின் கடைசிப் பக்கங்களை நீங்கள் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அங்கே சொற்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ‘ஒளிச்சேர்க்கை – 41, 87, 203’ என்றிருந்தால், அச்சொல் அந்தப் பக்கங்களில் வருகிறது என்பது பொருள். நூல் முழுவதையும் படிக்காமலே வேண்டிய இடத்துக்கு நேரே சென்றுவிடலாம். இதைச் சொல்லடைவு என்பார்கள்.

இந்த எளிய சொல்லடைவுதான், இன்று ஆண்டுக்குப் பல லட்சம் கோடி ரூபாய் புரளும் ஒரு பெருந்தொழிலின் அடித்தளம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இணையத்தில் நாம் எதையேனும் தேடும்போது விடை தரும் தேடுபொறிகள், உண்மையில் மிகப் பெரிய சொல்லடைவுகளே. அந்த அடைவில் முதல் வரிசையில் இடம் பெறுவதற்காகத்தான் வணிகர்களும் எழுத்தாளர்களும் போட்டியிடுகிறார்கள்.

‘இணையத்தில் கட்டுரை எழுதினால் வீட்டிலிருந்தபடியே பணம் ஈட்டலாம், சரியான திறவுச்சொல்லைப் பிடித்துவிட்டால் போதும்’ என்ற பேச்சு இளைஞர்களிடையே பரவலாக இருக்கிறது. அந்த வித்தையைக் கற்றுத் தருவதாகக் கூறிக் கட்டணம் வாங்குவோரும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை? பணம் எங்கிருந்து வருகிறது? யார் கைக்குப் போகிறது? திறவுச்சொல் என்பது உண்மையில் எதைத் திறக்கிறது? இவற்றை அறிந்துகொண்டால் ஏமாறாமல் இருக்கலாம்; நேர்மையாக எழுத விரும்புவோருக்கு வழியும் புலப்படும்.

அடைவு உருவாகும் விதம்

சொல்லடைவு தயாரிப்பது கணிப்பொறிக்கு முன்பே தோன்றிய கலை. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் துறவியர், இயூகோ என்பவரின் தலைமையில் விவிலியம் முழுமைக்கும் சொல்லடைவு தயாரித்தனர். நம் பக்கத்தில், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கான அடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சொல் எந்த நூலில், எந்த அடியில் வருகிறது என்பதை ஆய்வாளர்கள் அதில் நொடியில் காணலாம்.

தேடுபொறியும் இதையே செய்கிறது. முதலில் ‘சிலந்தி’ எனப்படும் ஒரு நிரல் புறப்படுகிறது. அது ஓர் இணையப் பக்கத்தைப் படிக்கிறது. அப்பக்கத்திலுள்ள இணைப்புகளின் வழியே அடுத்த பக்கங்களுக்குச் செல்கிறது. அங்கிருந்து மற்றவற்றுக்குச் செல்கிறது. இவ்வாறு திரட்டிய பக்கங்களிலுள்ள சொற்களையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பக்கங்களின் பட்டியலை எழுதி வைக்கிறது. பக்கத்திலிருந்து சொல்லுக்குப் போவதற்கு மாறாக, சொல்லிலிருந்து பக்கத்துக்குப் போவதால் இதற்குத் தலைகீழ் அடைவு என்று பெயர்.

நீங்கள் ‘தென்னை வண்டு’ என்று தேடினால், தேடுபொறி அந்த நொடியில் உலகத்தின் பக்கங்களையெல்லாம் புரட்டுவதில்லை. தென்னைக்கான பட்டியலையும் வண்டுக்கான பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் பொதுவாக உள்ளவற்றைப் பொறுக்குகிறது. கணக்கு வகுப்பில் கற்ற கணங்களின் வெட்டு இங்கே வேலை செய்கிறது.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1990இல் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ‘ஆர்ச்சி’ தொடக்ககாலத் தேடுபொறிகளுள் ஒன்று. அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. 1995இல் வந்த ‘ஆல்ட்டாவிஸ்ட்டா’ பக்கங்களின் முழு உரையையும் அடைவாக்கியது. அப்போதுதான் ஒரு புதிய தொல்லை முளைத்தது. ஒரு சொல்லுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் அகப்பட்டால், எதை முதலில் காட்டுவது?

அரிய சொல்லுக்கு அதிக எடை

இக்கேள்விக்கான விடையின் முதற்பகுதி இணையம் தோன்றும் முன்பே கிடைத்துவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், ஒரு கட்டுரையில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் கொண்டு அக்கட்டுரையின் பொருளை உணரலாம் என 1950களில் கூறினார். ஆனால் ‘ஒரு’, ‘இந்த’, ‘என்று’ போன்ற சொற்கள் எல்லாக் கட்டுரைகளிலும்தான் பலமுறை வருகின்றன. அவற்றால் பயன் என்ன?

இதைத் தீர்த்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார். 1972இல் அவர் வெளியிட்ட கருத்து எளிமையானது: எத்தனை குறைவான கட்டுரைகளில் ஒரு சொல் வருகிறதோ, அத்தனை அதிகமாக அச்சொல்லுக்கு எடை தர வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம்மிடம் 1000 வேளாண்மைக் கட்டுரைகள் உள்ளன எனக் கொள்வோம். ‘ஒரு’ என்ற சொல் 1000 கட்டுரைகளிலும் வருகிறது. ‘தென்னை’ 100 கட்டுரைகளில் வருகிறது. ‘வண்டு’ 10 கட்டுரைகளில் மட்டுமே வருகிறது. மொத்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையை, சொல் வரும் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஈவின் மடக்கையை எடுங்கள். ‘ஒரு’வுக்கு 1000/1000 = 1; அதன் மடக்கை 0. ‘தென்னை’க்கு 1000/100 = 10; மடக்கை 1. ‘வண்டு’க்கு 1000/10 = 100; மடக்கை 2. இவைதான் அச்சொற்களின் எடைகள்.

இனி இரு கட்டுரைகளை ஒப்பிடுவோம். முதல் கட்டுரையில் ‘தென்னை’ 3 முறையும் ‘வண்டு’ 4 முறையும் வருகின்றன. அதன் மதிப்பெண் 3 × 1 + 4 × 2 = 11. இரண்டாம் கட்டுரையில் ‘ஒரு’ 50 முறையும் ‘தென்னை’ 6 முறையும் வருகின்றன, வண்டே இல்லை. அதன் மதிப்பெண் 50 × 0 + 6 × 1 = 6. எனவே தென்னை வண்டைத் தேடுவோருக்கு முதல் கட்டுரையே முன்னால் காட்டப்படும். நாமே தேர்ந்தெடுத்தாலும் அதைத்தான் எடுத்திருப்போம்.

வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது என்பது தெரிந்துவிட்டால், படிக்காமலே மதிப்பெண் வாங்க முயல்வோரும் இருப்பார்கள் அன்றோ? மேற்கண்ட கணக்கில் ஒருவர் ‘வண்டு’ என்ற சொல்லை 100 முறை எழுதி வைத்தால் 200 மதிப்பெண் வந்துவிடும். வண்டைப் பற்றி ஒரு செய்தியும் சொல்ல வேண்டியதில்லை.

1990களில் இதுவே நடந்தது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் நூற்றுக்கணக்கான சொற்களை எழுதி வைத்தார்கள். மனிதர் கண்ணுக்கு அவை தெரியா. சிலந்தி நிரலுக்குத் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்போருக்குப் புலப்படாமல் திறவுச்சொற்களை எழுதுவதற்கென ஓர் இடம் இருந்தது. அதிலும் பக்கத்துக்குத் தொடர்பில்லாத சொற்களை நிரப்பினார்கள். அப்பகுதியைப் பக்கங்களை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இன்றும் சிலர் அவ்விடத்தை நிரப்பித் தருவதற்குப் பணம் கேட்கிறார்கள் என்றால், அது வீண் செலவு என்பதை நினைவில் வையுங்கள்.

சிறியவர்கள்தாம் இப்படிச் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். 2006இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கூகுள் தன் அடைவிலிருந்தே நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும், வந்து பார்ப்பவருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதே காரணம். தேடுபொறிக்கென வைத்த பக்கங்களில் ‘பழைய கார்’ என்ற பொருளுடைய சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அவற்றை அகற்றிய பின்னரே அத்தளம் மீண்டும் அடைவில் சேர்க்கப்பட்டது.

இணைப்பு என்னும் வாக்கு

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வதை நம்ப முடியாது. பிறர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அறிவியல் உலகில் இது பழைய வழக்கம். எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கணக்கிடும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிடத் தொடங்கினார்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் இக்கருத்தை இணையத்துக்குப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் மற்றொன்றுக்கு இணைப்புத் தருவது, அதற்கு ஒரு வாக்களிப்பது போன்றது. ஆனால் எல்லா வாக்குகளும் சமமல்ல. மதிப்பு மிக்க பக்கம் அளிக்கும் வாக்குக்கு மதிப்பு அதிகம். ஒரு பக்கம் பலருக்கு வாக்களித்தால், அதன் மதிப்பு அவர்களுக்குள் பங்கிடப்படும். ‘பேஜ்ரேங்க்’ எனப்படும் இம்முறையை 1998இல் அவர்கள் வெளியிட்டபோது, அவர்கள் அடைவில் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள் இருந்தன.

மூன்றே பக்கங்கள் உள்ள ஒரு சிறிய இணையத்தைக் கற்பனை செய்யுங்கள். அவற்றுக்கு க, ச, ட எனப் பெயரிடுவோம். க என்பது ச, ட இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. ச என்பது ட-வுக்கு மட்டும் தருகிறது. ட என்பது க-வுக்கு மட்டும் தருகிறது. மொத்த மதிப்பு 100 எனில், அது க-வுக்கு 40, ச-வுக்கு 20, ட-வுக்கு 40 எனப் பிரிந்து நிலைபெறும். சரிபார்க்கலாமா? க-வின் 40 இரண்டாகப் பிரிந்து ச-வுக்கு 20, ட-வுக்கு 20 போகிறது. ச-வின் 20 ட-வுக்குச் சேர, அது 40 ஆகிறது. ட-வின் 40 முழுவதும் க-வுக்குப் போகிறது. கணக்கு நேராகிவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். க-வுக்குக் கிடைத்ததும் ஒரே வாக்கு. ச-வுக்குக் கிடைத்ததும் ஒரே வாக்கு. ஆயினும் க-வின் மதிப்பு ச-வைப் போல இரு மடங்கு. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதோடு, யார் சொல்கிறார்கள் என்பதும் இங்கே கணக்கில் வருகிறது. உண்மைக் கணக்கில் ஒரு திருத்தமும் உண்டு. இணையத்தில் உலவுபவர் 100க்கு 85 முறை இணைப்பைப் பின்பற்றுகிறார் என்றும், 15 முறை தொடர்பின்றி வேறு பக்கத்துக்குத் தாவுகிறார் என்றும் கொள்வார்கள். இணைப்பே இல்லாத மூலையில் கணக்கு சிக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

வாக்கு என்றதும் வாக்கை விலைக்கு வாங்குவதும் வந்துவிட்டது. ஒருவருக்கொருவர் இணைப்புத் தரும் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களை உண்டாக்கி, அவற்றின் வாக்குகளை விற்றார்கள். இத்தகைய போலி இணைப்புகளைக் கண்டு தள்ளுவதற்காகக் கூகுள் 2012இல் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. இணைப்புகளைக் காசுக்கு வாங்கி மேலே வந்திருந்த பல தளங்கள் கீழே இறங்கின. கணக்கு இன்று எவ்வளவோ விரிந்துவிட்டது. பற்பல அடையாளங்கள் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. ஆனால் சொல்லும் இணைப்பும் இன்றும் அதன் இரு தூண்கள்.

சொல் ஏலத்துக்கு வந்தது

இனிப் பணத்துக்கு வருவோம். நீங்கள் தேடுவதற்குக் கட்டணம் கட்டுவதில்லை. பின் செலவை யார் ஏற்கிறார்கள்?

1998இல் பில் கிராஸ் என்ற அமெரிக்கர் ‘கோ டூ’ என்ற தேடுபொறியில் ஒரு புதுமையைப் புகுத்தினார். ஒவ்வொரு சொல்லையும் ஏலம் விட்டார். ‘பயணம்’ என்று ஒருவர் தேடினால், அச்சொல்லுக்கு அதிக விலை கேட்ட வணிகரின் பெயர் முதலில் வரும். அதைத் தேடுபவர் சொடுக்கினால் மட்டும் வணிகர் பணம் தர வேண்டும். ஒரு சொல்லைத் தேடுபவர் அப்பொருளை வாங்கும் எண்ணத்தோடு இருக்கிறார் என்பதே இதன் சூட்சுமம். சாலையோரத்து விளம்பரப் பலகைக்கு, கடந்து போகிறவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தேடுபொறிக்கோ அவரே சொல்லிவிடுகிறார்.

கூகுள் 2000இல் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 2002இல் ஏலமுறையைத் தழுவி, அதில் ஒரு திருத்தம் செய்தது. விலையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்கக்கூடும் என்பதையும் பெருக்கிப் பார்த்தது. எடுத்துக்காட்டாக, முதல் வணிகர் ஒரு சொடுக்குக்கு 10 ரூபாய் கேட்கிறார். அவர் விளம்பரத்தை 100 பேரில் 2 பேர் சொடுக்குகிறார்கள். இரண்டாமவர் 6 ரூபாய்தான் கேட்கிறார். ஆனால் 100 பேரில் 5 பேர் சொடுக்குகிறார்கள். 100 பேருக்குக் காட்டினால் முதலாமவரிடமிருந்து 20 ரூபாயும் இரண்டாமவரிடமிருந்து 30 ரூபாயும் வரக்கூடும். எனவே குறைந்த விலை கேட்ட இரண்டாமவருக்கே முதலிடம்.

அவர் 6 ரூபாயும் தர வேண்டியதில்லை. போட்டியாளரின் 20 ரூபாயைத் தொடுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தந்தால் போதும்: 20 ÷ 5 = 4 ரூபாயும், அதற்கு மேல் ஓரிரு காசும். அடுத்தவர் கேட்ட விலையைக் கட்டும் இந்த ஏலம், வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் 1961இல் ஆராய்ந்த முறையின் உறவினம். ஏலங்கள் உள்ளிட்ட துறையில் அவர் செய்த ஆய்வுகளுக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு விந்தை. 1998இல் வெளியிட்ட தங்கள் கட்டுரையிலேயே பிரினும் பேஜும் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறி, இயல்பாகவே விளம்பரம் தருவோரின் பக்கம் சாயும். தேடுவோரின் தேவையிலிருந்து விலகும் என்பது அவர்கள் கருத்து. பின்னர் அவர்களுடைய நிறுவனமே விளம்பரத்தால் வளர்ந்து உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

எழுதுபவருக்கு எவ்வளவு?

2003இல் கூகுள் ‘ஆட்சென்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேடல் பக்கத்தில் மட்டுமின்றி, பிறர் எழுதும் பக்கங்களிலும் விளம்பரம் காட்டி, வருவாயில் எழுதுபவருக்கும் பங்கு தரும் திட்டம் இது. பக்கத்திலுள்ள சொற்களை நிரல் படித்து, அவற்றுக்கு ஏற்ற விளம்பரத்தை வைக்கும். எழுதுபவருக்கு 100க்கு 68 பங்கு என்பதை 2010இல் நிறுவனம் வெளியிட்டது. சொடுக்குக்குப் பணம் என்றிருந்ததை, 2024 முதல் விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்குப் பணம் என்று மாற்றியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பக்கத்தை மாதத்துக்கு 10,000 பேர் படிக்கிறார்கள் எனக் கொள்வோம். இது எளிதில் கிட்டும் எண்ணிக்கையன்று. 100க்கு ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்குகிறார். ஒரு சொடுக்குக்கு வணிகர் 4 ரூபாய் தருகிறார். மொத்தம் 100 × 4 = 400 ரூபாய். அதில் உங்கள் பங்கு 272 ரூபாய். ஒரு மாத உழைப்புக்கு இது கூலியாகுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரிய வருவாய் வேண்டுமென்றால், படிப்போர் பல மடங்கு பெருக வேண்டும். அல்லது சொல்லின் விலை பல மடங்கு உயர வேண்டும்.

சொல்லின் விலை எப்போது உயரும்? வங்கிக் கடன், காப்பீடு, வழக்குரைஞர் போன்ற சொற்களுக்கு விலை அதிகம். ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாலே அத்தொழில்களில் பெரும் ஆதாயம் உண்டு என்பதால், அவர்கள் அதிகம் கொடுக்கத் துணிகிறார்கள். நத்தையைப் பற்றியோ நாட்டுப்புறக் கதையைப் பற்றியோ எழுதினால், அங்கே விற்பதற்கு என்ன இருக்கிறது?

தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. தமக்குத் தெரிந்ததை எழுதாமல், விலை உயர்ந்த சொல்லைத் தேடி எழுதுகிறார்கள். நோய், மருந்து, கடன் ஆகியவை பற்றி, அறிந்தவரும் அறியாதவரும் எழுதிக் குவிக்கிறார்கள். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு தாய் தேடும்போது, மருத்துவர் எழுதியதும் சொல்லைக் கணக்கிட்டு எழுதியதும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. கூலிக்கு எழுதுவோரைக் கொண்டு நாள்தோறும் ஆயிரக்கணக்கான மேலோட்டமான கட்டுரைகளை உற்பத்தி செய்த நிறுவனங்களும் இருந்தன. அவற்றைக் கீழே தள்ளுவதற்காகக் கூகுள் 2011 பிப்ரவரியில் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைச் செய்தது. அமெரிக்காவில் 100 தேடல்களில் ஏறக்குறைய 12இன் விடைவரிசை அதனால் மாறியது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம் தன் கணக்கை மாற்றினால், உலகெங்கும் பலருடைய பிழைப்பு ஒரே இரவில் மாறிவிடுகிறது. பொதுத் தேடல் துறையில் தன் ஏகபோகத்தைக் கூகுள் சட்டத்துக்கு மாறாகக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

சிறு சொல்லா, முழுக் கேள்வியா?

அப்படியானால் திறவுச்சொல்லைப் பற்றி எண்ணுவதே தவறா? இல்லை. படிப்பவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல எழுத்தின் இலக்கணமே.

‘தென்னை’ என்ற ஒற்றைச் சொல்லை ஏராளமானோர் தேடுவார்கள். அதற்காகப் போட்டியிடும் பக்கங்களும் ஏராளம். புதியவருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. மேலும், ‘தென்னை’ என்று தேடுபவருக்கு என்ன வேண்டும்? கன்றா, எண்ணெயா, கயிறா? தெரியாது. ஆனால் ‘தென்னையில் குரும்பை கொட்டுவது ஏன்?’ என்று தேடுபவருக்கு வேண்டியது தெளிவாகத் தெரிகிறது. தேடுவோர் குறைவு, போட்டியும் குறைவு. ஒவ்வொன்றும் சிறிதானாலும் இத்தகைய கேள்விகள் எண்ணற்றவை. வரைபடத்தில் இவை நீண்டு மெலிந்து செல்வதால் ‘நீண்ட வால்’ என்று பெயர் பெற்றன. தன்னிடம் ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் 100க்கு 15, இதற்கு முன் ஒருபோதும் கேட்கப்படாதவை என்று கூகுள் பலமுறை கூறியிருக்கிறது. விடை எழுதப்படாத கேள்விகள் இன்னும் நிறைய உள்ளன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மக்கள் வழங்கும் சொல் எது என்பதும் முக்கியம். நூலில் ‘குரும்பை உதிர்தல்’ என்றிருக்கலாம். தோப்பில் ‘குரும்பை கொட்டுது’ என்பார்கள். இரண்டையும் இயல்பாக எழுதினால், இரு சாராரும் உங்களைக் கண்டடைவார்கள்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல்

சொல்லடைவு அமைப்பதில் தமிழ் ஒரு தனிச் சவால். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு இரண்டு மூன்று வடிவங்களே உண்டு. தமிழில் ‘மரம்’ என்பது மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்தின், மரத்தில், மரங்கள், மரங்களுக்கு என விரிகிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ என்று எழுதிய பக்கமும் வர வேண்டும். அதற்கு வேற்றுமை உருபையும் சாரியையையும் பிரித்து வேர்ச்சொல்லைக் காணும் நிரல் வேண்டும். பள்ளியில் கற்கும் பகுபத இலக்கணம் கணிப்பொறிக்கும் தேவைப்படுகிறது!

இன்னொரு தடையும் இருந்தது. ஒரு காலத்தில் இணையத்தில் தமிழ் எழுத்துகளுக்குப் பலவகைக் குறியீட்டு முறைகள் வழங்கின. ஒரு முறையில் ‘க’வைக் குறிக்கும் எண், மற்றொரு முறையில் வேறு எழுத்தைக் குறிக்கும். கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரிந்தாலும், தேடுபொறிக்கு அவை வெவ்வேறு எண் வரிசைகள், எனவே அகப்படா. யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவிய பிறகே தமிழ்ப் பக்கங்களை ஒருசேரத் தேடுவது இயன்றது. ஆட்சென்ஸ் திட்டத்தில் தமிழ் ஏற்கப்பட்டது 2018இல்தான்.

இன்றைய நிலையும் உங்கள் முடிவும்

இன்றைய தேடுபொறிகள் தனிச் சொற்களைத் தாண்டி, கேள்வி முழுவதன் பொருளையும் உணர முயல்கின்றன. எனவே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் பயன் மிகவும் குறைந்துவிட்டது. 2024 முதல், பல தேடல்களுக்குக் கூகுள் தானே ஒரு சுருக்க விடையைத் தொகுத்து மேலே காட்டுகிறது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், மூலப் பக்கத்துக்கு யார் வருவார்கள்? படிப்பவர் வராவிட்டால் விளம்பரம் ஏது? எழுதுவோர் எழுதுவதை நிறுத்திவிட்டால், நாளைய சுருக்கத்துக்குச் செய்தி எங்கிருந்து வரும்? உலகெங்கும் எழுத்தாளரும் செய்தி நிறுவனங்களும் இக்கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால் சில முடிவுகள் தெளிவாகின்றன. ‘முதலிடம் உறுதி’ என்று யார் கூறினாலும் நம்பாதீர்கள். அந்த இடம் அவர் கையில் இல்லை. இணைப்புகளை விலைக்கு வாங்காதீர்கள். பிடிபட்டால் இருக்கும் இடமும் போகும். எழுத்து வருவாயை மட்டும் நம்பிப் படிப்பையோ தொழிலையோ விட்டுவிடாதீர்கள். மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்.

எழுத விருப்பமிருந்தால், நீங்கள் நேரில் அறிந்த ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றி அண்டை வீட்டாரும் நண்பரும் கேட்கும் கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அக்கேள்விகளையே தலைப்பாக வைத்து, சரிபார்த்த விடைகளை அவர்கள் மொழியிலேயே எழுதுங்கள். சொல்லின் எடையைக் கணக்கிடும் பொறிக்குத் தேவைப்படுவதும் அதுதான். இரவில் விடை தேடும் அந்தத் தாய்க்குத் தேவைப்படுவதும் அதுதான். காசு சிறிது வரலாம், வராமலும் போகலாம். ஆனால் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.